எட்டு சிலிண்டர்களின் ஓசை

நான் தில்லியில் உள்ள ஓர் ஆய்வு நிறுவனத்தில், வாகனப் புகையைத் தூய்மைப்படுத்தும் வினையூக்கிகள் குறித்து முனைவர் பட்ட ஆய்வு செய்துவருகிறேன். கார்பன் மோனாக்சைடு, எரியாமல் வெளியேறும் ஹைட்ரோகார்பன்கள், நைட்ரஜன் ஆக்சைடுகள் ஆகிய மூன்றையும் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்னும் விலையுயர்ந்த உலோகங்களின் மேற்பரப்பில் எவ்வாறு ஒரே சமயத்தில் தீங்கற்றவையாக மாற்றுவது என்பதே என் அன்றாடக் கவலை. நவம்பர் மாதத்தில் விடுதி அறையின் சன்னலைத் திறக்கும் ஒவ்வொரு காலையும் இந்த ஆய்வின் தேவையை எனக்கு நினைவூட்டுகிறது. அப்படிப்பட்ட நான், 1960களில் அமெரிக்கா உருவாக்கிய மஸில் கார்களையும், அவற்றின் முன்னோர்களான ஹாட் ராட்களையும் மனமார நேசிக்கிறேன். எரிபொருளைக் கொட்டிக் குடித்து, அதில் ஒரு பகுதியை எரிக்காமலேயே வெளியே துப்பும் இயந்திரங்கள் அவை. என் ஆய்வேடு எதற்கு எதிரானதோ அதுவே என் விருப்பத்துக்குரியதாக இருக்கிறது. இந்த முரண்பாட்டை மறைப்பதைவிட அதன் வேர்களைத் தேடிப் பார்ப்பதே நேர்மையானது என்று தோன்றியதால் இந்த நீண்ட பதிவு. பொறுமையுள்ளவர்கள் தொடர்ந்து வாசிக்கலாம்.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஹாட் ராட் என்பது பழைய, மலிவான காரை வாங்கி, வேண்டாத பாகங்களைக் கழற்றி எறிந்து, எஞ்சினைத் திருத்தியோ மாற்றியோ வேகத்துக்கெனத் தனியொருவர் தம் கையால் உருவாக்கிக்கொள்ளும் வண்டி. மஸில் கார் என்பது நடுத்தர அளவுள்ள சாதாரணக் குடும்பக் காரில், பெரிய காருக்குரிய பேராற்றல் கொண்ட எஞ்சினைப் பொருத்தி ஒரு நிறுவனமே விற்பனை செய்வது. முன்னது பட்டறையில் பிறந்தது, பின்னது தொழிற்சாலையில். இந்த வேறுபாடு மிக முக்கியமானது. பின்னால் சொல்லப்போகும் அனைத்தும் இதையே சுற்றி வருகின்றன.

கதை கலிஃபோர்னியாவின் தென்பகுதியில் தொடங்குகிறது. ஹென்றி ஃபோர்டின் டி மாடல் கார்கள் 1908 முதல் 1927 வரை ஏறத்தாழ ஒன்றரைக் கோடி விற்பனையாகியிருந்தன. 1930களின் பொருளாதார மந்தத்தில் அவை பழைய இரும்பு விலைக்குக் கிடைத்தன. அதே காலத்தில், 1932 இல், ஃபோர்டு நிறுவனம் சாதாரண மக்கள் வாங்கக்கூடிய விலையில் எட்டு சிலிண்டர் எஞ்சின் ஒன்றை அறிமுகப்படுத்தியது. எட்டு சிலிண்டர்களும் ஒரே இரும்பு வார்ப்பில் அமைந்த அந்த எஞ்சினின் ஆற்றல் வெறும் 65 குதிரைத்திறன்தான். இன்று நம் ஊரின் சிறிய கார்களே அதை மிஞ்சிவிடும். ஆனால் அதுவரை எட்டு சிலிண்டர் என்பது செல்வந்தர்களின் உடைமையாக இருந்தது. வேகம் முதன்முறையாக ஏழையின் எட்டும் தூரத்துக்கு வந்தது.

லாஸ் ஏஞ்சலஸுக்கு வடக்கே மோஹாவி பாலைவனத்தில் முராக், எல் மிராஜ் எனும் வறண்ட ஏரிகள் உண்டு. கோடையில் அவற்றின் தரை சிமெண்டுத் தளம்போல் இறுகிச் சமமாகிவிடும். தம் வண்டியின் மண்காப்புகளையும் பானட்டையும் முன்கண்ணாடியையும் கழற்றிவிட்டு, இரவோடிரவாக அங்கே ஓட்டிச் சென்று, விடியற்காலையில் வேகத்தை அளந்து பார்த்த இளைஞர்கள்தாம் ஹாட் ராட் பண்பாட்டின் நிறுவனர்கள். பல குழுக்கள் இணைந்து 1937 இல் தென் கலிஃபோர்னிய நேர அளவைச் சங்கத்தைத் தோற்றுவித்தன. பெயரைக் கவனியுங்கள். பந்தயச் சங்கம் அன்று. நேர அளவைச் சங்கம். 'என் வண்டி வேகமானது' என்ற வாய்ப்பேச்சைக் கடிகாரத்தின் முன் நிறுத்தி மெய்ப்பிக்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. கருதுகோளும் சோதனையும் அளவீடும் கொண்ட ஓர் ஆய்வுக்கூடத்தை அவர்கள் வெட்டவெளியில் நடத்தினார்கள். ஆய்வு மாணவன் என்ற முறையில் நான் அவர்களோடு முதலில் உறவு கொண்டாடுவது இந்த இடத்தில்தான்.

இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய படைவீரர்கள் இந்த இயக்கத்தைப் பன்மடங்காக்கினார்கள். விமான எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டக் கற்றவர்கள் அவர்கள். கையில் சிறிது பணமும், நெஞ்சில் அடங்காத பரபரப்பும் இருந்தன. போர் விமானங்களின் உபரி எரிபொருள் தொட்டிகளை வாங்கி, அவற்றுக்குள் எஞ்சினையும் ஓட்டுநரையும் அடக்கி, துளி வடிவிலான பந்தய வண்டிகளைச் செய்தார்கள். முராக் ராணுவத்தின் வசமாகிவிட்டதால் எல் மிராஜ் அவர்களின் களமானது. 1949 முதல் யூட்டா மாநிலத்தின் பானவில் உப்புச் சமவெளியும் திறந்துவிடப்பட்டது. 1948 சனவரியில் ராபர்ட் பீட்டர்சன் 'ஹாட் ராட்' என்ற பெயரிலேயே ஓர் இதழைத் தொடங்கினார். தெருக்களில் பந்தயமோடிக் காவல்துறையிடம் அகப்பட்டுக்கொண்டிருந்தவர்களை ஒழுங்குபடுத்தப்பட்ட நேர்கோட்டுப் பந்தயத் தடங்களுக்கு அழைத்துவர, அவ்விதழின் ஆசிரியர் வாலி பார்க்ஸ் 1951 இல் தேசிய ஹாட் ராட் சங்கத்தை நிறுவினார்.

வேகம் ஒரு கிளை என்றால் அழகு மற்றொரு கிளை. கூரையைத் தாங்கும் தூண்களை அறுத்து, கூரையைச் சில அங்குலங்கள் தாழ்த்தி மீண்டும் பற்றவைப்பது. தகட்டின் இணைப்புகளில் ஈயத்தை உருக்கி ஊற்றி மழமழவென்று இழைப்பது. பளபளக்கும் அடிப்பூச்சின்மேல் கண்ணாடி போன்ற நிறப்பூச்சுகளைப் படலம் படலமாக ஏற்றுவது என்று ஒரு தனிக் கைவினை மரபு வளர்ந்தது. ஜார்ஜ் பாரிஸ், சாம் பாரிஸ் சகோதரர்கள் திருத்தியமைத்த மெர்க்குரி கார்கள் அம்மரபின் செவ்வியல் படைப்புகள். 1963 இல் டாம் வுல்ஃப் இந்த உலகத்துக்குள் சென்று பார்த்து எஸ்குவயர் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். அருங்காட்சியகங்கள் திரும்பிப் பாராத இந்த இளைஞர்களின் வேலையைக் கலையாகவே கருத வேண்டும் என்பது அவர் பார்வை. எனக்கு அதில் முழு உடன்பாடு. ஒரு சிற்பி கல்லிலிருந்து வேண்டாததை நீக்குவதுபோல இவர்கள் தொழிற்சாலைப் பொருளிலிருந்து வேண்டாததை நீக்கினார்கள்.

இனி ஓசைக்கு வருவோம். இந்தக் கார்களின் ஈர்ப்பில் பாதி செவிவழிப்பட்டது. நிறுத்திவைத்த வண்டியின் எஞ்சின் சீராக ஓடாமல், தாளம் தப்பியதுபோல், ஒரு பெரிய விலங்கு மூச்சுவிடுவதுபோல் குமுறும். இதற்கு இரு காரணங்கள் உண்டு. முதலாவது, எஞ்சினின் அமைப்பு. எட்டு சிலிண்டர்கள் நான்கு நான்காக இரு வரிசைகளில் சாய்ந்து நிற்கின்றன. கிராங்க் ஷாஃப்ட் இரு முறை சுழன்று முடிப்பதற்குள் எட்டும் முறைவைத்து, 90 பாகைக்கு ஒன்றாக, வெடிக்கின்றன. மொத்தத்தில் பார்த்தால் இடைவெளி சீரானது. ஆனால் ஒரு வரிசையை மட்டும் தனியே எடுத்துக்கொண்டால் அதில் வெடிப்புகளுக்கு இடைப்பட்ட இடைவெளி 270, 180, 90, 180 பாகை என்று மாறிமாறி வருகிறது. ஒவ்வொரு வரிசைக்கும் தனிப் புகைக்குழாய் இருப்பதால், நம் காதில் விழுவது அந்தச் சீரற்ற தாளமே.

இரண்டாவது காரணம் என் துறைக்கு இன்னும் நெருக்கமானது. அதிவேகத்தில் சிலிண்டருக்குள் அதிகக் காற்றைப் புகுத்துவதற்காக, கேம் ஷாஃப்டின் வடிவத்தை மாற்றி, உள்ளிழுக்கும் வால்வும் வெளியேற்றும் வால்வும் சிறிது நேரம் ஒன்றாகத் திறந்திருக்குமாறு செய்வார்கள். வேகமாக ஓடும்போது இது ஆற்றலைக் கூட்டும். மெதுவாக ஓடும்போதோ, எரிந்த புகை திரும்பி வந்து புதுக் காற்றோடு கலந்துவிடும். அதனால் சில சுற்றுகளில் எரிதல் நிகழும், சில சுற்றுகளில் தவறும். தவறிய சுற்றின் பெட்ரோல் அப்படியே ஆவியாக வெளியேறும். அதாவது, நாம் இசையென்று மயங்கும் அந்தத் தடுமாற்றம் முழுமையடையாத எரிதலின் ஒலி. என் ஆய்வுக்கூடத்தின் கருவியில் அது ஹைட்ரோகார்பன் அளவாகத் திரையில் ஏறும். என் செவியில் அது வேறொன்றாக ஒலிக்கும். விடுதியின் திரைப்படச் சங்கத்தில் 'புல்லிட்' படத்தைப் பார்த்த இரவில்தான் இந்த இரு செவிகளும் எனக்குள் ஒன்றாக இருப்பதை உணர்ந்தேன். 1968 இல் வெளிவந்த அப்படத்தில் சான் ஃபிரான்சிஸ்கோவின் மேட்டுத் தெருக்களில் ஒரு கரும்பச்சை மஸ்டாங் காரும் ஒரு கறுப்பு டாட்ஜ் சார்ஜரும் பத்து நிமிடங்களுக்கும் மேலாகத் துரத்தி ஓடுகின்றன. துரத்தல் சூடுபிடித்தபின் பின்னணி இசை ஒதுங்கிக்கொள்கிறது. எஞ்சின்களே பேசுகின்றன.

பட்டறையில் பிறந்த கனவு எப்படித் தொழிற்சாலைக்குப் போயிற்று? இதற்கு ஒரு சுவையான ஆவணம் உண்டு. ஜெனரல் மோட்டார்ஸில் பணியாற்றிய ஸோரா ஆர்க்கஸ்-டண்டோவ் என்ற பொறியாளர் 1953 திசம்பரில் தம் மேலதிகாரிகளுக்கு ஒரு குறிப்பு எழுதினார். ஹாட் ராட் இளைஞர்கள் ஃபோர்டிலேயே வளர்ந்து ஃபோர்டையே வாங்குகிறார்கள். அவர்களைச் செவ்ரலே பக்கம் திருப்ப வேண்டுமானால் அவர்களுக்கு வேண்டிய உதிரிபாகங்களை நாமே ஆயத்தமாகத் தர வேண்டும் என்பது அதன் சாரம். 1955 இல் செவ்ரலேயின் சிறிய எட்டு சிலிண்டர் எஞ்சின் வெளிவந்தது. எடை குறைந்தது, விலை மலிந்தது, திருத்துவதற்கு எளியது. சில ஆண்டுகளில் அது ஃபோர்டின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

அடுத்த அடியை 1964 இல் போன்டியாக் பிரிவு எடுத்துவைத்தது. நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சினை வைக்கக் கூடாது என்பது ஜெனரல் மோட்டார்ஸின் உள்விதி. போன்டியாக்கின் தலைமைப் பொறியாளர் ஜான் டிலோரியனும் அவர் தோழர்களும் அந்த விதியைச் சாமர்த்தியமாகக் கடந்தார்கள். புதிய மாடல் என்றால் தலைமையகத்தின் ஒப்புதல் வேண்டும். ஏற்கெனவே உள்ள டெம்பஸ்ட் காருக்கு விருப்பத் தேர்வாக ஒரு தொகுப்பைச் சேர்த்தால் வேண்டியதில்லை. 389 கன அங்குல எஞ்சினை, அதாவது 6.4 லிட்டரை, அவ்வாறு உள்ளே நுழைத்து அதற்கு ஜிடிஓ என்று பெயரிட்டார்கள். முதலாண்டிலேயே 32,450 கார்கள் விற்றன. அதே ஆண்டு ஏப்ரல் 17 அன்று ஃபோர்டின் மஸ்டாங் அறிமுகமானது. முதல் நாளிலேயே 22,000 பேர் பதிவுசெய்தார்கள். பிறகு போட்டி வெறியாக மாறியது. 1966 இல் கிறைஸ்லர் தன் பந்தய எஞ்சினான 426 ஹெமியைத் தெருவுக்கு இறக்கியது. 1968 இல் பிளிமத் நிறுவனம் அலங்காரங்களையெல்லாம் விலக்கி, ஆற்றலை மட்டும் வைத்து, மூவாயிரம் டாலருக்குக் குறைவான விலையில் ரோடு ரன்னரை விற்றது. கார்ட்டூன் பறவையின் பெயரையும் உருவையும் பயன்படுத்த வார்னர் பிரதர்ஸுக்குப் பணம் கட்டி, ஹாரனையும் அப்பறவையின் குரலிலேயே அமைத்தார்கள். 1970 இன் செவெல் காரில் 454 கன அங்குல எஞ்சின் 450 குதிரைத்திறன் என்று விளம்பரம் செய்யப்பட்டது.

இங்கே ஓர் இழப்பும் நிகழ்ந்தது. தந்தையின் பட்டறையில் ஆறு மாதம் உழைத்துப் பெற்ற வேகம், இப்போது கையொப்பமிட்டால் மாதத் தவணையில் கிடைத்தது. உருவாக்குபவன் வாங்குபவனானான். வாங்கிய காரின் எடைக்கும் வேகத்துக்கும் ஈடுகொடுக்கும் பிரேக்கோ டயரோ பல வண்டிகளில் இல்லை. 1966 முதல் 1973 வரை ஆண்டுதோறும் அமெரிக்கச் சாலைகளில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அத்தனைக்கும் மஸில் கார்களைப் பொறுப்பாக்க முடியாது. ஆனால் பதினெட்டு வயது இளைஞனிடம் நானூறு குதிரைத்திறனை ஒப்படைப்பதன் விலையைக் காப்பீட்டு நிறுவனங்கள் எல்லோருக்கும் முன்பே கணக்கிட்டன. 1970ஐ ஒட்டி, இளம் ஓட்டுநர்களுக்கான காப்பீட்டுக் கட்டணம் அந்த மோகத்தின் கழுத்தை முதலில் நெரித்தது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கூட்டாய்வுக்காக மிச்சிகன் மாநிலத்தில் நான்கு மாதங்கள் தங்கியிருந்தேன். ஆகஸ்டு மாதத்தின் மூன்றாம் சனிக்கிழமை டெட்ராய்டின் உட்வர்ட் நெடுஞ்சாலையில் பழைய கார்களின் பவனி நடக்கும். 1995 முதல் நடந்துவரும் இப்பவனியைக் காண இலட்சக்கணக்கானோர் சாலையோரத்தில் மடக்கு நாற்காலிகளைப் போட்டு அமர்ந்துவிடுவார்கள். 1960களில் கார் நிறுவனங்களின் பொறியாளர்களே இரவு நேரத்தில் புதிய எஞ்சின்களைப் பிறர் அறியாமல் ஓட்டிப் பார்த்த சாலை அது. நான் போனபோது காற்றில் எரியாத பெட்ரோலின் இனிய நெடி நிறைந்திருந்தது. 'இனிய' என்று எழுதும்போதே என் தொழில் என்னைக் குத்துகிறது; ஆயினும் அதுவே உண்மை.

அங்கே ஒரு கறுப்பினப் பெரியவர் தம் காரின் பானட்டைத் திறந்துவைத்து அருகில் நின்றிருந்தார். காலமெல்லாம் கார் ஆலை ஒன்றில் கதவு பொருத்தும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கார், 1970 இன் ஆரஞ்சு நிற டாட்ஜ் சேலஞ்சர். உள்ளே புகழ்பெற்ற ஹெமி இல்லை. சாதாரண 318 கன அங்குல எஞ்சின்தான். நான் எஞ்சின்களைப் பற்றி ஆய்வு செய்பவன் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. "அந்தக் காலத்தில் எங்கள் முன்னால் நிமிடத்துக்கு ஒரு கார் நகர்ந்து போகும், தம்பி. ஒன்றையும் முழுசாகப் பார்த்தது கிடையாது. எனக்குக் கதவு மட்டும்தான் தெரியும்" என்றார். பல ஆண்டுகள் கழித்து, ஒரு வீட்டுக் கொல்லையில் துருப்பிடித்துக் கிடந்த இந்தக் காரைச் சில நூறு டாலருக்கு வாங்கி, தம் மகனோடு சேர்ந்து ஒவ்வொரு பாகமாகப் பிரித்துப் பூட்டினாராம். "இதைக் கட்டி முடித்தபோதுதான் இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதே எனக்குப் புரிந்தது" என்று சொல்லிவிட்டுக் கார்புரேட்டரின் மேல் படிந்திருந்த தூசியைத் துணியால் துடைத்தார்.

அந்தச் சொல்லை நான் இன்றுவரை சுமந்துகொண்டிருக்கிறேன். மஸில் கார்களின் பொற்காலத்தைப் பாடும் நூல்கள் அவற்றைப் பூட்டிய கைகளைப் பற்றிப் பெரும்பாலும் பேசுவதில்லை. டெட்ராய்டை ஒட்டிய ஹாம்டிராமிக்கில் டாட்ஜின் பெரிய ஆலை இருந்தது. 1968 மே மாதத்தில் அங்கே அசெம்பிளி வரிசையின் வேகத்தை எதிர்த்துத் திடீர் வேலைநிறுத்தம் நடந்தது. அதைத் தொடர்ந்து கறுப்பினத் தொழிலாளர்கள், நிர்வாகத்தின் பாகுபாட்டையும் தம் தொழிற்சங்கத்தின் பாராமுகத்தையும் ஒருங்கே எதிர்த்து, டாட்ஜ் புரட்சிகரத் தொழிற்சங்க இயக்கத்தைத் தொடங்கினார்கள். அதற்கு முந்தைய ஆண்டின் கோடையில்தான் டெட்ராய்டு நகரம் கலவரத்தில் எரிந்திருந்தது. சாலையில் விடுதலையின் சின்னமாக ஓடிய கார், ஆலைக்குள் நிமிடக் கணக்கில் மனிதரை அடிமைகொண்ட ஒரு வரிசையிலிருந்து வந்தது. இதை மறந்துவிட்டு அந்தக் கார்களை என்னால் ரசிக்க முடிவதில்லை. நினைவில் வைத்துக்கொண்டு பார்க்கும்போது ரசனை குறைவதுமில்லை. அதன் ஆழம்தான் கூடுகிறது.

இதே போன்ற மற்றொரு மரபையும் இங்கே குறிப்பிட வேண்டும். லாஸ் ஏஞ்சலஸின் மெக்சிகோ வம்சாவளியினர் வேகத்துக்கு நேர்மாறான அழகியலைத் தேர்ந்தார்கள். காரைத் தரையோடு தரையாகத் தாழ்த்தி, மெதுவாக ஊர்ந்து செல்வது அவர்கள் வழி. சக்கர விளிம்புக்குக் கீழே காரின் எந்தப் பகுதியும் இறங்கக் கூடாது என்று கலிஃபோர்னிய அரசு 1958 இல் ஒரு விதியை நடைமுறைப்படுத்தியது. மறு ஆண்டே ரான் அகீரே என்ற இளைஞர் விமான உபரிச் சாமான்களிலிருந்து எடுத்த ஹைட்ராலிக் பம்புகளைத் தம் காரில் பொருத்தினார். காவலர் வரும்போது கார் உயரும், போனதும் தாழும். தடைச் சட்டமே புதிய தொழில்நுட்பத்துக்குத் தாயானது. சட்டப்புத்தகத்தில் அந்த விதி அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக நீடித்து, 2024 தொடக்கத்தில்தான் நீங்கியது.

இப்போது என் துறையின் தரப்பு. ஹாட் ராட் பிறந்த அதே லாஸ் ஏஞ்சலஸில்தான் நவீன வாகனப் புகைமூட்டமும் பிறந்தது. கண்ணை எரித்து, பயிர்களை வாட்டி, ரப்பரில் வெடிப்புகளை உண்டாக்கிய அந்தப் பழுப்புப் புகை எங்கிருந்து வருகிறது என்று யாருக்கும் விளங்கவில்லை. கால்டெக்கில் அன்னாசிப்பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்த ஆரி ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலாளர் 1950களின் தொடக்கத்தில் அந்தப் புதிரை அவிழ்த்தார். வாகனங்களிலிருந்தும் எண்ணெய் ஆலைகளிலிருந்தும் வரும் ஹைட்ரோகார்பன்கள் நைட்ரஜன் ஆக்சைடுகளோடு சேர்ந்து சூரிய ஒளியில் ஓசோனாக மாறுகின்றன என்று காட்டினார். முதலில் ஏளனத்தை எதிர்கொண்ட அவரே பின்னர் கலிஃபோர்னியக் காற்று வள வாரியத்தின் முதல் தலைவரானார். என் ஆய்வுத் துறையின் வேர் அங்கே இருக்கிறது. எல் மிராஜில் புழுதி கிளப்பிய இளைஞர்களும் ஹாகன்-ஸ்மிட்டும் ஒரே வானத்தின் கீழ், ஒரே பத்தாண்டில் வாழ்ந்தார்கள் என்பது எனக்குத் தீராத வியப்பு.

1970 இன் தூய காற்றுச் சட்டம் வாகன மாசை ஐந்தாறு ஆண்டுகளுக்குள் 90 விழுக்காடு குறைக்குமாறு ஆணையிட்டது. அதற்கு வினையூக்கி மாற்றி வேண்டும். பெட்ரோலில் ஈயம் இருந்தால் வினையூக்கி செயலிழந்துவிடும். ஈயம் இல்லையென்றால் எஞ்சினின் அழுத்த விகிதத்தைக் குறைக்க வேண்டும். ஏனெனில் 1921 இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் தாமஸ் மிட்ஜ்லி கண்டறிந்த ஈயக் கலவைதான் அந்த உயர் அழுத்தத்தைத் தாங்கும் வலிமையைப் பெட்ரோலுக்குத் தந்துகொண்டிருந்தது. 1971 இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் எஞ்சின்களின் அழுத்த விகிதத்தைக் குறைத்தது. 1972 முதல் குதிரைத்திறனை அளக்கும் முறையும் மாறியது. அதுவரை புகைக்குழாய், காற்று வடிகட்டி போன்ற சுமைகளையெல்லாம் நீக்கிவிட்டு மேசைமேல் அளந்த எண்ணை விளம்பரப்படுத்தினார்கள். பிறகு காரில் உள்ளபடியே அளந்தார்கள். ஆகவே வீழ்ச்சியில் ஒரு பகுதி காகிதத்தில் மட்டும் நிகழ்ந்தது. எஞ்சிய பகுதி உண்மையானது. 1973 அக்டோபரில் வந்த எண்ணெய்த் தடை இறுதி அடியைக் கொடுத்தது. 1975 இல் செவ்ரலேயின் பெருமைக்குரிய கார்வெட்டில், 5.7 லிட்டர் அடிப்படை எஞ்சின் வெறும் 165 குதிரைத்திறன் தந்தது.

வினையூக்கி மாற்றியே மஸில் காரைக் கொன்றது என்று அங்கே பலர் இன்றும் வருந்துவார்கள். வரலாறு அவ்வளவு எளிமையானதன்று. ஆக்சிஜன் உணரியும், கணினி வழி எரிபொருள் செலுத்தலும், மூவழி வினையூக்கியும் ஒன்றுகூடியபின் எஞ்சின் தூய்மையாகவும் வலிமையாகவும் ஓடக் கற்றுக்கொண்டது. 2015 இல் வந்த டாட்ஜ் சேலஞ்சர் ஹெல்கேட் 707 குதிரைத்திறன் கொண்டது. 1970 இன் எந்த மஸில் காரும் ஆற்றலில் அதன் அருகே வராது. நச்சுப்புகை வெளியேற்றத்தில் அது அந்தப் பழைய கார்களின் ஒரு சிறு பின்னத்தைத்தான் விடுகிறது. இது என் துறையின் வெற்றி. ஆனால் ஓர் எல்லையும் உண்டு. எவ்வளவு முழுமையாக எரித்தாலும் பெட்ரோல் கரியமில வாயுவாகத்தான் மாறும். அதை இல்லாமலாக்கும் வினையூக்கி எதையும் நான் புகைக்குழாயில் பொருத்திவிட முடியாது. புவி வெப்பமாதலின் முன் நானும் அந்த உட்வர்ட் சாலைப் பெரியவரும் ஒரே தரப்பில் நிற்கிறோம்.

நாங்கள் வாழும் தில்லியிலும் இதன் எதிரொலி உண்டு. இந்நகரில் 1998 இல் ஈயம் கலந்த பெட்ரோல் நீங்கியது. நாடு முழுவதும் 2000 இல் நீங்கியது. அதனால் குழந்தைகளின் குருதிக்குள் செல்லும் ஈயம் குறைந்தது என்பதை எந்த ரசனையாலும் ஈடுசெய்ய முடியாது. தேர்வு என்று வந்தால் நான் எந்தப் பக்கம் நிற்பேன் என்பதில் எனக்கு ஐயமில்லை. அன்றாடப் போக்குவரத்தில் இந்த எஞ்சின்களுக்கு இடமில்லை; இருக்கவும் கூடாது.

அப்படியானால் இந்த நேசத்தில் காக்கத் தகுந்தது எது? விலை நிச்சயமாக அன்று. ஒரு காலத்தில் இயந்திரத் தொழிலாளியின் மகன் தவணையில் வாங்கிய கார்கள் இன்று செல்வந்தர்களின் முதலீடாகிவிட்டன. 1971 இன் ஹெமி குடா கன்வர்ட்டிபிள் ஒன்று 2014 இல் 35 இலட்சம் டாலருக்கு ஏலம்போனது. 'புல்லிட்' படத்தில் ஓடிய மஸ்டாங் 2020 இல் அதையும் தாண்டியது. குளிரூட்டிய கூடத்தில் திரையிட்டு மூடிய அத்தகைய கார்கள் எனக்கு உயிரற்றவையாகவே தோன்றுகின்றன.

ஓசையும் அன்று. சேலஞ்சரின் உற்பத்தி 2023 இறுதியில் நின்றுவிட்டது. டாட்ஜ் அடுத்துக் கொண்டுவந்த மின்சாரச் சார்ஜரில், பழைய எஞ்சினின் குமுறலை ஒத்த ஒலியைச் செயற்கையாக எழுப்பும் ஒரு கருவியை வைத்திருக்கிறார்கள். காரணம் போய்விட்டது; விளைவை மட்டும் உப்புக்கண்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். எரிதல் இல்லாத இடத்தில் எரிதல் தவறும் ஓசை எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.

காக்கத் தகுந்தது, அந்தப் பெரியவர் சொன்ன புரிதல். பானட்டைத் திறந்தால் ஒவ்வொரு பாகமும் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். காற்று எங்கே நுழைகிறது, எரிபொருள் எங்கே கலக்கிறது, தீப்பொறி எப்போது விழுகிறது என்பதைப் பதினாறு வயதுப் பிள்ளை ஒரு கோடை விடுமுறையில் கற்றுக்கொள்ளலாம். தவறாகப் பூட்டினால் ஓடாது. சரியாகப் பூட்டினால் ஓடும். பொருளுக்கும் மனிதனுக்கும் இடையே இவ்வளவு நேர்மையான உரையாடல் இன்று அரிதாகிவிட்டது. நாம் பயன்படுத்தும் கருவிகள் பெரும்பாலும் திருகாணி இல்லாமல் ஒட்டப்பட்டவை. உள்ளே இருப்பதை அறிய உரிமையாளருக்கே அனுமதியில்லை. மாசாச்சுசெட்ஸ் மக்கள் 2012 இல் வாக்களித்துக் காருக்கான பழுதுபார்க்கும் உரிமையைச் சட்டமாக்க வேண்டியிருந்தது என்பதே காலத்தின் அடையாளம்.

நம்பிக்கையளிக்கும் செய்தியும் உண்டு. ஃபோர்டு 2021 இல் தன் மின்மோட்டாரைத் தனிப் பெட்டியில் வைத்து யார் வேண்டுமானாலும் வாங்கிப் பொருத்திக்கொள்ளலாம் என்று விற்கத் தொடங்கியது. அதைக் காட்சிப்படுத்த அவர்கள் தேர்ந்தது 1978 இன் ஒரு பழைய எஃப்-100 பிக்கப் வண்டியை. பழைய கார்களின் உடலில் மின்மோட்டாரும் மின்கலமும் பூட்டும் சிறு பட்டறைகள் இன்று கலிஃபோர்னியாவில் பெருகிவருகின்றன. இதைத் துரோகம் என்று பழைய ரசிகர்கள் சிலர் சினக்கிறார்கள். எனக்கோ இதுதான் 1932 இன் மரபுக்கு உண்மையான வாரிசாகத் தோன்றுகிறது. ஹாட் ராட் என்பது ஒருபோதும் பெட்ரோலைப் பற்றியதாக இருக்கவில்லை. கிடைத்த பழம்பொருளைக் கையிலெடுத்து, அதை விற்றவன் நினைத்திராத ஒன்றாக மாற்றிக்காட்டும் துணிவைப் பற்றியது அது.

மின்கல வேதியியல் படிக்கும் என் இளைய தோழர்களிடம் நான் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்வதுண்டு. நீங்கள் உருவாக்கப்போகும் வண்டியிலிருந்து புகை வராதிருக்கட்டும், ஓசையும் வராதிருக்கட்டும். ஆனால் அதற்கு ஒரு மூடி வையுங்கள். அந்த மூடியைச் சாதாரண ஸ்பேனரால் திறக்க முடியட்டும். திறந்து பார்க்கும் பிள்ளைக்கு உள்ளே நடப்பது விளங்கட்டும்.